அமெரிக்க புரோகிராமரின் வீழ்ச்சியும் எங்கள் முதல் சம்பளமும்

எங்கள் தலைமுறையில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மென்பொருள் வடிவமைப்பு என்றால் வட்டமும் அம்புக்குறியும்தான். 1990களின் நடுவில் தமிழ்நாட்டின் எந்த எம்.சி.ஏ. வகுப்புக்குள் நுழைந்திருந்தாலும் இதைப் பார்த்திருக்கலாம். ரெக்கார்டு நோட்டில் பிளாஸ்டிக் ஸ்டென்சிலை வைத்து வட்டம் போடுவோம். சம்பளப் பட்டியல் தயாரிப்பது, விடுப்பைக் கழிப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். உள்ளே போகும் தகவலுக்கு ஓர் அம்பு, வெளியே வரும் தகவலுக்கு ஓர் அம்பு. டேட்டா ஃப்ளோ டயகிராம் என்பது முழுப்பெயர்; டி.எஃப்.டி. என்போம். வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

அந்தப் படங்களோடு சேர்ந்தே எங்களுக்கு அறிமுகமான பெயர் எட்வர்ட் யோர்டன். அவருடைய 'மாடர்ன் ஸ்ட்ரக்சர்ட் அனாலிசிஸ்' 1989-இல் வந்தது. அறுநூறு பக்கங்களைத் தாண்டும். திருச்சியில் நான் படித்த கல்லூரியின் நூலகத்தில் அதன் மலிவுப் பதிப்பு ஒன்றே ஒன்று இருந்தது. தேர்வு நேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்று விடுதி முழுக்க விசாரிப்போம். ஆனால் இந்த யோர்டன் உயிரோடு இருக்கும் மனிதர், நியூயார்க்கில் நிறுவனம் நடத்தியவர், தான் எழுதியதைத் தானே திருத்தி எழுதிக்கொண்டிருப்பவர் என்பதெல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அவருடைய படங்களைவிட அவருடைய வாழ்க்கையில் கற்றுக்கொள்ள அதிகம் இருந்தது என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

யோர்டன் 1944-இல் பிறந்தவர். மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி.யில் பயன்பாட்டுக் கணிதம் படித்தார். பட்டம் வாங்குவதற்கு முன்பே, 1964-இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் சேர்ந்து பிடிபி வகைக் கணினிகளுக்கு நிரல் எழுதினார். 1967-இல் முதல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 23. 1974-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். மென்பொருளை எழுதி விற்கும் நிறுவனம் அல்ல அது. மென்பொருளை எப்படி வடிவமைப்பது என்ற அறிவை விற்ற நிறுவனம். வகுப்பு எடுப்பது, ஆலோசனை சொல்வது, புத்தகம் வெளியிடுவது ஆகிய மூன்றும்தான் அதன் தொழில். டாம் டிமார்கோவின் ஸ்ட்ரக்சர்ட் அனாலிசிஸ் நூல், மெய்லிர் பேஜ்-ஜோன்ஸின் வடிவமைப்பு நூல் போன்றவை யோர்டன் பிரஸ் வெளியீடுகளாகவே உலகம் சுற்றின. 1986-இல் நிறுவனத்தை விற்றபோது அதில் 150க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். அதன் வகுப்புகளில் இரண்டரை லட்சம் பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

நிரல் எழுதுவது ஒரு வேலை. நிரலை எங்கே பிரிப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்வது வேறொரு வேலை. இரண்டாவதற்கென்று தனிப் படிப்பும் தனித் தொழிலும் உண்டு என்பதை உலகத்தை ஏற்கவைத்தவர்களில் யோர்டன் முக்கியமானவர். இன்று 'ஆர்க்கிடெக்ட்' என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.

*

அந்த அறிவின் மையம் என்ன? லேரி கான்ஸ்டன்டைன் என்ற இன்னொரு எம்.ஐ.டி. மாணவர் 1960களின் பிற்பகுதியில் ஓர் எளிய கேள்வியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சில நிரல்களைத் திருத்துவது எளிதாகவும் சில நிரல்களைத் திருத்துவது நரகமாகவும் இருப்பது ஏன்? அவர் கண்ட விடை இரண்டு அளவுகோல்கள். ஒன்று கப்ளிங்: ஒரு பகுதியைத் தொட்டால் வேறு எத்தனை பகுதிகள் ஆட்டம் காண்கின்றன? இன்னொன்று கோஹிஷன்: ஒரு பகுதிக்குள் இருப்பவை எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான் சேர்ந்திருக்கின்றனவா? முதலாவது குறைய வேண்டும், இரண்டாவது கூட வேண்டும். 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழில் கான்ஸ்டன்டைனும் இரண்டு சகாக்களும் எழுதிய கட்டுரையும், யோர்டனோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஸ்ட்ரக்சர்ட் டிசைன்' நூலும் இதை உலகுக்குக் கொண்டுபோயின.

நம் வீட்டு மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற விகிதம் மாறுகிறது. இந்தக் கணக்கைப் போடும் நிரலில் விகிதம் ஒரே இடத்தில் இருக்கலாம். அல்லது ரசீது அச்சிடும் பகுதியில் ஒரு பிரதி, பாக்கி கணக்கிடும் பகுதியில் ஒரு பிரதி, மாத அறிக்கையில் ஒரு பிரதி என்று சிதறிக் கிடக்கலாம். இரண்டும் சரியான தொகையைத்தான் காட்டும். பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியதே, அதுபோன்ற ஓர் உத்தரவு வரும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். முதல் நிரலில் ஓரிடத்தைத் திருத்தினால் போதும். இரண்டாவதில் எங்கெங்கே பிரதி இருக்கிறது என்று தேடவே ஆள் போட வேண்டும். தேடியும் ஓரிடம் விட்டுப்போகும். நல்ல வடிவமைப்பு என்பது இன்றைய கணக்கைச் சரியாகப் போடுவதோடு நின்றுவிடுவதில்லை. நாளைய உத்தரவைக் குறைந்த சேதத்தோடு ஏற்றுக்கொள்வதும் அதன் கடமை.

இதை எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது. சொன்னார்கள். கப்ளிங்கில் எத்தனை வகை, கோஹிஷனில் எத்தனை வகை என்று பட்டியல் இருந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி. பட்டியலை ஒப்பித்தோம். அது எந்த நோய்க்கான மருந்து என்று தெரியவந்தது சென்னைக்கு வந்த பிறகுதான்.

*

சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஒரு சீனியரின் மேஜைமேல் யோர்டனின் இன்னொரு புத்தகம் இருந்தது. 1992-இல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அமெரிக்க புரோகிராமரின் சரிவும் வீழ்ச்சியும்'. எங்கள் பாடப்புத்தகக்காரர் இதையும் எழுதினாரா என்று எடுத்துப் புரட்டினேன். அமெரிக்காவில் மென்பொருள் எழுதுகிறவர்கள் விழித்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும் வேலையிழப்பைச் சந்திப்பார்கள் என்பது அதன் வாதம். அந்த வேலையை எடுத்துக்கொள்ளப்போகிறவர்கள் என்று அவர் கைகாட்டிய நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருந்தது.

அங்கே ஒருவருக்கு அபாய மணியாக ஒலித்த புத்தகம் இங்கே எங்களுக்கு நியமன ஆணைபோலக் கேட்டது. அந்த அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் மனதுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தமிழ்நாட்டின் சிறுநகரங்களிலிருந்து வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் கட்டிலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நாட்டில் ஒருவர் எங்களைப் போட்டியாளர்களாக எண்ணிப் பயப்படுகிறார் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

ஆனால் அந்தப் புத்தகத்தை நாங்கள் பாதியாகத்தான் கேட்டோம். குறைந்த கூலி மட்டுமே இந்தியாவின் பலம் என்று யோர்டன் எழுதவில்லை. செலவும் குறைவு, தரமும் உயர்வு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து என்று தன் நாட்டாரை எச்சரித்தார். நல்ல மனிதர்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பது, வேலைமுறையை ஒழுங்குபடுத்துவது, அளந்து பார்ப்பது, எழுதியதை மறுபடி பயன்படுத்துவது என்று அவர்களுக்கு மருந்தும் எழுதிக்கொடுத்தார். அந்த மருந்துச் சீட்டை அமெரிக்கர்களைவிட ஆர்வமாகப் பிடித்துக்கொண்டது இந்தியா. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இன்ஸ்டிடியூட் வகுத்த சி.எம்.எம். என்ற ஐந்து நிலைச் சான்றிதழுக்கு நம் நிறுவனங்கள் வரிசையில் நின்றன. புத்தாயிரம் பிறந்த சமயத்தில் உலகின் ஐந்தாம் நிலை நிறுவனங்களில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு மென்பொருள் தரும் ஒப்பந்தக்காரர்களை மதிப்பிட உருவான அளவுகோல், பெங்களூருக்கும் சென்னைக்கும் வாடிக்கையாளர் வாசலைத் திறந்துவிடும் அடையாள அட்டையானது.

அந்த ஒழுங்கு எங்களுக்கு நிறையக் கற்றுத்தந்தது. ரிவ்யூ இல்லாமல் நிரல் வெளியே போகாது, மாற்றம் எதுவானாலும் பதிவு செய்யாமல் நடக்காது என்ற பழக்கம் அப்போது வந்ததுதான். அந்தப் பழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

*

என் முதல் சம்பளம் ஒய்2கே வேலையில் வந்தது. மவுன்ட் ரோடு நெடுக மெயின்ஃபிரேம் பயிற்சி மையங்களின் பலகைகள் தொங்கிய காலம். அமெரிக்காவில் யாரும் சீந்தாமல் போய்க்கொண்டிருந்த கோபோல் மொழியை, அது பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த நாங்கள், பணம் கட்டிப் படித்தோம்.

சிக்கல் இதுதான். நினைவகத்தின் விலை அதிகமாக இருந்த காலத்தில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் சேமித்தார்கள். 1965 என்றால் 65. 2005-இல் முதிரும் காப்பீட்டுப் பாலிசிக்கு 05. இன்னும் எத்தனை வருடம் என்று கழித்தால் விடை மைனஸில் வரும். நூற்றாண்டுத் தொடக்க ஆண்டு லீப் வருடம் ஆகாது என்ற விதியை மட்டும் எழுதிவைத்து, நானூறால் வகுபடும் 2000 அதற்கு விலக்கு என்பதை விட்டுவிட்ட நிரல்களும் இருந்தன. சிலர் 99 என்ற எண்ணை 'பதிவு முடிந்தது' என்பதற்கான அடையாளமாக வைத்திருந்தார்கள். தீர்வுகள் முக்கியமாக இரண்டு. வருடத்தை நான்கு இலக்கமாக விரிப்பது ஒன்று. 00 முதல் 29 வரை வந்தால் 2000கள், 30 முதல் 99 வரை வந்தால் 1900கள் என்பதுபோல் எல்லை வகுத்துக்கொள்வது இன்னொன்று. அதை விண்டோயிங் என்போம். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்தது, செலவு குறைவு.

அந்த வேலையில்தான் கப்ளிங் என்றால் என்ன என்பதை விரல்நுனியால் தெரிந்துகொண்டேன். தேதிக் கணக்குகளை எல்லாம் ஒரே துணைநிரலில் வைத்திருந்த சில சிஸ்டங்கள் வந்தன. அந்தத் துணைநிரலைத் திருத்தி, சோதித்து, அனுப்பிவிட்டோம். வேறு சிஸ்டங்களில் தேதி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஒரு காப்பிபுக்கில் ஒரு பெயரில் நுழையும், அடுத்த நிரலில் வேறு பெயருக்கு மாறும், பிறகு வாடிக்கையாளர் எண்ணின் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். துரத்திக்கொண்டே போக வேண்டும். உலகம் இதை இரண்டு இலக்கச் சிக்கல் என்றது. இரண்டு இலக்கத்தை நான்காக்குவதில் என்ன கஷ்டம்? அந்த இலக்கங்கள் ஆயிரம் இடங்களில் பரவிக் கிடந்ததுதான் கஷ்டம். கான்ஸ்டன்டைனும் யோர்டனும் 1970களில் எச்சரித்த நோய்க்குத்தான் 1990களின் கடைசியில் உலகம் கட்டணம் கட்டியது. அந்தக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு திருச்சியில் இருந்த என் அப்பாவுக்கு மணியார்டராகப் போனது.

இதே நேரத்தில் யோர்டன் 1998-இல் தன் மகள் ஜெனிஃபரோடு சேர்ந்து 'டைம் பாம் 2000' என்ற புத்தகத்தை எழுதியிருந்தார். மின்சாரம், வங்கி, போக்குவரத்து, உணவு வரத்து எல்லாம் தடைபடலாம், குடும்பங்கள் தயாராக இருக்க வேண்டும் என்ற புத்தகம். அவரே நியூயார்க்கை விட்டு நியூ மெக்சிகோ மாநிலத்தின் தாவோஸ் என்ற மலையூருக்குக் குடிபெயர்ந்தார். 2000 ஜனவரி 1 பிறந்தது. எங்கள் அலுவலகத்தில் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் அந்த ஆண்டை 19100 என்று காட்டியது. அதுபோன்ற சில்லறைப் பிழைகளோடு உலகம் தப்பித்தது. உடனே யோர்டனைக் கேலி செய்யத் தொடங்கினார்கள்.

அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. சமூகமே நிலைகுலையும் என்ற அளவுக்கு அவர் போனது மிகை. பெரிதாகச் செலவு செய்யாத நாடுகளும் தப்பித்தன என்பது உண்மை. ஆனால் அந்த நிரல்களைத் திறந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவற்றை அப்படியே விட்டிருந்தால் ஓய்வூதியமும் வட்டியும் காப்பீடும் தப்புத்தப்பாக வந்திருக்கும். அதைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகியிருக்கும். எச்சரித்தவர் சொன்னது நடக்கவில்லை என்பதாலேயே எச்சரிக்கை வீண் என்று ஆகிவிடாது. நடக்காமல் இருக்க ஆயிரக்கணக்கானோர் உழைத்தோம். அந்த உழைப்பின் பெருமையை யாரும் கேலியால் எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். ஒய்2கே முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பேசியவர்கள் இருந்தார்கள். கதவைத் தட்டிய அந்த வேலை, கதவு திறந்த பிறகு எங்களை உள்ளேயே உட்காரவைத்துவிட்டது.

*

'சரிவும் வீழ்ச்சியும்' வந்து நான்கே ஆண்டுகளில், 1996-இல், அதே யோர்டன் 'அமெரிக்க புரோகிராமரின் எழுச்சியும் மறுபிறப்பும்' என்ற புத்தகத்தை வெளியிட்டிருக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதல் புத்தகத்தில் சொன்ன பெரும் வேலையிழப்பு வராது என்று அவரே எழுதினார். இணையமும் ஜாவாவும் புதிய களங்களைத் திறந்துவிட்டன. குறையே இல்லாத மென்பொருள் என்ற இலக்கைவிட, தேவைக்குப் போதுமான தரத்தோடு உரிய நேரத்தில் வந்து சேரும் மென்பொருளே வெல்கிறது என்று வாதாடினார். தன் பெயரால் விற்ற ஒரு தீர்ப்பைத் தன் பெயராலேயே திருத்தி அச்சிட ஓர் ஆலோசகருக்கு நெஞ்சுரம் வேண்டும். ஆலோசகரின் மூலதனமே அவர் சொல்லின்மேல் உள்ள நம்பிக்கைதானே.

அந்த இரண்டாம் புத்தகம் சென்னையில் அதிகம் பேசப்படவில்லை. பேசியிருக்க வேண்டியது அதைத்தான். ஒழுங்கும் சான்றிதழும் நமக்கு வந்த அதே காலத்தில், அடுத்து எதைக் கட்டுவது என்று யோசிக்கும் துணிவு அவர்களிடம் சேர்ந்துகொண்டிருந்தது. நம் சேவை நிறுவனங்களில் வடிவமைப்பில் கெட்டிக்காரராக இருப்பவரை ஐந்தாறு ஆண்டுகளில் டீம் லீட் ஆக்கி, பிறகு மேனேஜர் ஆக்கி, எக்செல் தாளில் உட்காரவைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நிரலோடு முப்பது ஆண்டு வாழ்ந்து தேர்ச்சி பெற்றவர் என்ற இனமே இங்கே வளரவில்லை. டிசைன் டாக்குமென்ட்டை நிரல் எழுதி முடித்த பிறகு, ஆடிட்டுக்கு முந்தைய வாரம் தயாரிக்கும் பழக்கம் எத்தனையோ இடங்களில் வேர்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

1997-இல் வந்த யோர்டனின் 'டெத் மார்ச்' மட்டும் இங்கே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. நியாயமாகத் தேவைப்படும் காலத்தில் பாதி, ஆட்களில் பாதி, அல்லது பணத்தில் பாதியை வைத்துக்கொண்டு முடிக்கச் சொல்லும் திட்டங்களைப் பற்றியது அது. ஜெயிக்கும் வாய்ப்பு, உழைப்பவர்களின் மகிழ்ச்சி என்ற இரண்டையும் வைத்து அப்படிப்பட்ட திட்டங்களை நான்காகப் பிரித்தார். ஜெயிப்போம், மகிழ்ச்சியாகவும் இருப்போம். ஜெயிப்போம், ஆனால் ஆட்கள் நொறுங்கிப்போவார்கள். தோற்போம், ஆனாலும் உற்சாகமாகத் தோற்போம். தோற்போம், நொறுங்கியும் போவோம். எதில் இருக்கிறாய் என்று முதலிலேயே தெரிந்துகொள், கட்டாயம் வேண்டியதையும் இருந்தால் நல்லது என்பதையும் பிரித்துவிடு, முடியாது என்றால் வெளியேறவும் உனக்கு உரிமை உண்டு என்றார். ஆன்சைட்டில் பகல், ஆஃப்ஷோரில் இரவு என்று கோ-லைவ் தேதியைத் துரத்திய எங்களுக்கு, இது விதி அல்ல, யாரோ எடுத்த மோசமான முடிவு என்று சொல்ல ஒருவர் கிடைத்தார். வடிவமைப்பைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் கடைசியில் வந்துசேர்ந்த இடம் மனிதர்கள்.

அவர் மட்டும் அல்ல. கான்ஸ்டன்டைன் 1970களிலேயே கணினியை விட்டு விலகி, குடும்பங்களுக்கு உளவியல் ஆலோசனை தரும் தொழிலுக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து, பயன்படுத்துகிறவருக்கு எளிதான மென்பொருளை வடிவமைப்பது பற்றி எழுதினார். பிறகு லியோர் சாம்சன் என்ற புனைபெயரில் நாவலாசிரியர் ஆனார். 1982-இல் மென்பொருள் திட்டங்களை அளந்து கட்டுப்படுத்துவது பற்றி நூல் எழுதிய டிமார்கோ, 2009-இல் அந்த நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கினார். கட்டுப்பாடு உயிர்நாடியாகத் தேவைப்படும் திட்டம் என்றாலே அதனால் வரும் பயன் சொற்பம் என்று பொருள். பெரும்பயன் தரும் திட்டத்தைச் செலவு சற்றுக் கூடினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று வாதிட்டார். எங்கள் பாடப்புத்தகங்களின் ஆசிரியர்கள் எல்லோரும் தம் பாடங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். பாடத்திட்டம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

யோர்டன் பிற்காலத்தில் நியூயார்க் தெருக்களில் கேமராவோடு நடந்து மனிதர்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் பெரிய பத்திரிகைகளில் வந்தன. 1989-இன் அந்தத் தடித்த நூலைச் சுருக்கி, 'போதுமான அளவு ஸ்ட்ரக்சர்ட் அனாலிசிஸ்' என்ற பொருள்படும் தலைப்பில் 2006-இல் இணையத்தில் எல்லோரும் படிக்கக் கொடுத்தார். 2016 ஜனவரியில் காலமானார்.

*

சென்ற ஆண்டு, நான் ஆலோசகனாகப் போகும் ஓர் அலுவலகத்தில், வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆன ஒரு பெண் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக்கொடுத்த நிரல்.

"முழு மாட்யூலும் ஒரே மத்தியானத்துல ரெடி சார். டெஸ்ட் எல்லாம் பாஸ்."

"ரொம்ப நல்லாருக்கும்மா. பிரீமியம் கட்ட கிரேஸ் பீரியட் முப்பது நாள்னு வெச்சிருக்கீங்க. நாளைக்கு கிளையன்ட் அதை நாற்பத்தஞ்சு ஆக்கச் சொன்னா எத்தனை இடத்துல மாத்தணும்?"

தேடினார். முப்பது என்ற எண் ஏழு கோப்புகளில் இருந்தது. அவற்றில் இரண்டு கிரேஸ் பீரியட் அல்ல. மாதத்துக்கு முப்பது நாள் என்ற வேறு கணக்கு.

"மொத்தமா ரீப்ளேஸ் பண்ணியிருந்தா மாசக் கணக்கும் மாறியிருக்குமே சார்!"

நான் சொல்வதற்குக் காத்திருக்காமல் அவரே உட்கார்ந்து, விதிகளை ஓரிடத்தில் சேர்த்து, கருவியிடம் எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக்கொடுத்து, மறுபடி எழுதவைத்தார். முடித்துவிட்டு, "இந்தக் கேள்வியெல்லாம் எங்க சார் படிச்சீங்க?" என்றார். யோர்டன் என்றேன்.

"டி.எஃப்.டி. யோர்டனா? அது எக்ஸாமுக்கு மட்டும்தானே சார்?"

அவர்மேல் குறை இல்லை. எங்களுக்குச் சொல்லித்தந்ததையேதான் அவருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஸ்டென்சிலுக்குப் பதில் கணினியில் வட்டம் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று யோர்டன் வலியுறுத்திய ஒன்று இன்று முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறது. கணினிக்கு எல்லையற்ற வேகமும் நினைவகமும் இருக்கிறது, எதைச் சொன்னாலும் உடனே செய்துவிடும் என்று வைத்துக்கொள். அப்போதும் நீ சொல்லியே தீரவேண்டியது என்னவோ அதுதான் சிஸ்டத்தின் சாரம், அதை முதலில் எழுது என்றார்கள் அவரும் அவருடைய சகாக்களும். 1989-இல் அது ஒரு கற்பனைப் பயிற்சி. இன்று கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஒரு கருவி எல்லோர் மேஜையிலும் இருக்கிறது. எப்படி எழுதுவது என்பது அதற்குத் தெரிகிறது. எது வேண்டும், எது மாறும், எது எதோடு சேரக்கூடாது என்பதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓ.எம்.ஆர். தேநீர்க்கடைகளில் இன்று கேட்கும் பேச்சு, 1992-இல் அமெரிக்காவில் யோர்டன் கிளப்பிய அதே பேச்சு. குறைந்த செலவில் இதே வேலையை வேறொன்று செய்துவிடும், நம் கதி என்ன? அன்று அந்த 'வேறொன்று' நாங்கள். இன்று அது ஒரு கருவி. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கடன் கட்டுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் யோர்டனின் ஐம்பது ஆண்டுத் தொழில்வாழ்க்கை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர் சொன்ன ஆரூடங்கள் பொய்த்தன. அவர் விற்ற படங்கள் பழசாயின. எதை எங்கே வைத்தால் மாற்றத்தைத் தாங்கும் என்று அவர் கேட்கவைத்த கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு மனிதரிடம் எது மிஞ்சியதோ அதுவே ஒரு தொழிலிலும் மிஞ்சும். கூலி வித்தியாசத்தில் கிடைத்த இடம் கூலி வித்தியாசம் போனால் போய்விடும். வடிவமைப்பு அறிவால் கிடைத்த இடம் அவ்வளவு எளிதில் போகாது.

அதனால் கல்லூரிகளிடமும் நிறுவனங்களிடமும் கேட்க எனக்கு இரண்டு இருக்கின்றன. டி.எஃப்.டி. வரையச் சொல்லி மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். மாணவர் எழுதிய நிரலைத் திறந்துவைத்து, இந்த ஒரு விதி நாளை மாறினால் எத்தனை இடத்தில் கை வைப்பாய் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள். நிறுவனங்கள், வடிவமைப்பில் தேர்ந்தவர் மேனேஜர் ஆகாமலேயே உயரவும் சம்பாதிக்கவும் ஏணி போட்டுக் கொடுக்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நாம் கேட்டிருக்க வேண்டிய இவற்றை, இன்னொருவர் நம் வீழ்ச்சியைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்கு முன்பாவது கேட்டாக வேண்டும்.